அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே, மாரிக்கண்ணா

சங்கரன்கோவில்,
ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 14.

அன்புள்ள மகன் மாரிக்கண்ணனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம், புளியங்குடியில் உன் அக்கா யோகலட்சுமியும் பிள்ளைகளும் சுகம். உன் சுகத்தைக் கேட்க வேண்டிய இடம் இது. தோள் இருக்கிற நிலை தெரிந்துகொண்டே கேட்டால் அது சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்டதாகிவிடும், அதனால் தோளை விட்டுவிட்டு மற்றதைக் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உறக்கம் பிடிக்கிறதா, இடது கையால் சட்டைப் பித்தான் போடப் பழகிவிட்டாயா, ஆபரேஷன் செய்த இடத்தில் தண்ணீர் படாமல் குளிக்கத் தெரிகிறதா. இதற்கெல்லாம் பதில் வேண்டும். நல்லாருக்கேம்மா என்று ஒற்றை வார்த்தையில் முடித்தால் அது பதில் இல்லை.

என்னடா அம்மா புதிதாகக் கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். புதன்கிழமை நான் போனில் பேச ஆரம்பித்ததும் சரிம்மா வச்சிருதேன் என்று வைத்துவிட்டாய். நீ வைத்தது தெரியாமல் நான் பாட்டுக்கு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன், அப்பா வந்து போன் அணைந்து கிடக்கிறதே, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே எதுவும் சொல்ல முடியாது பார். எதிர்வீட்டு ஷிரின் பானு ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள், அசலைப் பிறகு தபாலில் போடுவேன். அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் கடைசி வருடம் படிக்கிறாள், உன் ஆட்டம் ஒவ்வொன்றையும் எனக்குப் போனில் எடுத்து வைத்துக் கொடுப்பவள் அவள்தான் என்று உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கிளப்காரர்கள் கொடுத்த தாளில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய். தோளில் பழைய வலி இருந்ததை நீ அவர்களிடம் மறைத்துவிட்டு ஆடினாய் என்றும், பார்க்காமல் ஓடிப்போய் நீயாக வேலியில் மோதிக்கொண்டாய் என்றும், மைதானத்தில் ஒரு குறையும் இல்லை, குறை இருப்பதாக யாரும் சொன்னதும் இல்லை என்றும் அந்தத் தாளில் இருக்கிறது. போட்டால் அடுத்த வருடமும் டீமோடு வைத்துக்கொள்வார்கள், ஆட அல்ல, மற்றவர்கள் பயிற்சி எடுக்கும்போது பந்து பொறுக்கிப் போட. போடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியது. எல்லாம் பொய்தாம்மா, ஆனா முப்பத்தொரு வயசுல தோள் போன அவுட்ஃபீல்டர வேற யாரு எடுப்பா என்று கேட்டாய். நீ கேட்டது எனக்கு நாலு நாளாகக் காதிலேயே இருக்கிறது. யாரும் எடுக்காமல் போகலாம். அதற்காகப் பொய்யில் கையெழுத்துப் போட வேண்டும் என்று இல்லை.

நீ யார் என்பது உனக்கு மறந்துபோயிருந்தால் நான் சொல்கிறேன், கேள். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடும்போது உன்னை எப்போதும் பவுண்டரியில்தான் நிறுத்துவார்கள், பேட் பிடிக்க உனக்கு வராது என்று. ஞானபூரணம் டீச்சர் விளையாட்டு டீச்சராக மாறுதலில் வந்து, ஒரு சாக்கில் பந்து பிடிக்கக் கையில் மாட்டுகிற நாலு கிளவும் ஒரு பேட்டும் போட்டுக் கொண்டுவந்து, இது பேஸ்பால், நம் மாவட்டத்திலிருந்து மாநிலப் போட்டிக்கு ஒரு டீம்கூடப் போனதில்லை, வருகிறவர்கள் கைதூக்குங்கள் என்றபோது தூக்கியது மொத்தம் பதினொரு பேர், அதில் நீ ஒருவன். உனக்குக் கிடைத்த கிளவில் ஒரு விரல் பிய்ந்து தொங்கியது, நான்தான் சாக்கு ஊசியில் தைத்துக் கொடுத்தேன். அப்புறம் பல்கலைக்கழக டீம், அப்புறம் டெல்லியில் அந்த முகாம். அமெரிக்காவிலிருந்து வந்தவர் முந்நூறு பையன்களை ஓடவிட்டு, எறியவிட்டு, இரண்டே பேரை எடுத்தார், அதில் ஒருவன் நீ. சங்கரசுப்பு மாமா அன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா, இது ஆள்பிடிக்கிற வேலை, பிள்ளையைக் கொண்டுபோய் ஏதாவது தோட்டத்தில் மாடு மேய்க்க விட்டுவிடுவார்கள் என்றார். அண்ணன் என்று பார்க்காமல் நானும் சொன்னேன், மாடு மேய்ப்பது ஒன்றும் கேவலம் இல்லை, குருவிகுளத்தில் நம் அப்பா மேய்த்த மாட்டில்தான் நீங்கள் படித்து ரெவின்யூ ஆபீசில் உட்கார்ந்தீர்கள் என்று. இரண்டு மாதம் அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அமெரிக்கா போன இடத்தில் இரண்டே வருடத்தில் பெரிய கிளப் உன்னைக் கழித்துவிட்டது. காலையில் போர்டில் ஒட்டிய தாளில் உன் பேர் இல்லை, அவ்வளவுதான், ஒருத்தரும் கூப்பிட்டுச் சொல்லக்கூட இல்லை. நீ எங்களிடம் சொன்னது நாலு மாதம் கழித்து. அதுவரைக்கும் எங்கேயோ சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து எறியப் பழக்கிக்கொடுத்து, ஐந்து பேர் ஒரு அறையில் படுத்து, நல்லாருக்கேம்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. நீ முடியவிடவில்லை. பேர் தெரியாத சின்ன லீக்கில் சேர்ந்தாய். நாலு ஊர், ஏழு சீசன், பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கி அன்றைக்கே ஆடுவாய். அறுநூற்றுப் பதினெட்டு ஆட்டம், நான் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு சீசன் முழுக்க உன் கைக்கு வந்த ஒரு பந்தைக்கூட நீ நழுவவிடவில்லை. அந்த வருடம் அங்கே உள்ள பேப்பரில் உன் போட்டோ வந்ததே, ஷிரின் பானு அதைத் தமிழில் படித்துக் காட்டினாள், பந்து அடிபடும் சத்தத்திலேயே அது எங்கே விழும் என்று இவனுக்குத் தெரிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தான். நம் தெருவில் இன்னமும் பேஸ்பாலா பேஸ்கட்பாலா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், உங்க மகன் டிவியில வரமாட்டேங்கானே என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வராவிட்டால் என்ன, கடல் தாண்டிப் போய் ஒன்பது வருடம் விளையாடியே பிழைத்தவன் இந்தத் தாலுகாவில் வேறு எவன் இருக்கிறான், பேர் சொல்லுங்கள் என்று கேட்பேன். பேச்சு அதோடு நின்றுவிடும்.

இப்போது நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் சாயங்காலம் ஆட்டம் தொடங்கினால் இங்கே விடிகிற நேரம். நான் அடுக்களையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன், பிறகுதான் சத்துணவு மையத்துக்குக் கிளம்ப வேண்டும். எனக்கு அந்த விளையாட்டில் பாதி இன்னும் விளங்கவில்லை. யார் ஜெயிக்கிறார்கள் என்றுகூடக் கடைசியில்தான் பார்ப்பேன். நான் பார்ப்பது சென்டர் ஃபீல்டில், மைதானத்துக் கடைசியில் வேலிக்கு முன்னால் நிற்கும் உன்னை மட்டும்தான். அந்தக் கேமராக்காரன் எந்நேரமும் பந்து எறிகிறவனையே காட்டிக்கொண்டிருப்பான், எனக்கு எரிச்சலாக வரும். தப்பித் தவறி உன் பக்கம் திருப்பினால் அந்த ஒரு நிமிடத்தில் நீ நிற்பது, தொப்பியைச் சரிசெய்வது, எச்சில் துப்புவது, அந்தப் பழக்கத்தை விடு, எல்லாம் என் மனதில் பதிந்துவிடும். நீ புதன்கிழமை போனை வைத்த பிறகு எனக்கு ஒன்று நினைவு வந்தது. ஆடித்தபசுக்குக் கொடி ஏறிய அன்று காலையில் நடந்த ஆட்டம், நீ அடிபடுவதற்கு மூன்று வாரம் முந்தியது. ஆட்டத்துக்கு நடுவில் நீ பின்னாலே நடந்து வேலி வரைக்கும் போனாய். ஏன் போகிறான் இவன், வயிறு சரியில்லையோ என்று நான் கவலைப்பட்டேன், அதனால்தான் மறக்கவில்லை.

ஷிரின் பானுவைக் கூப்பிட்டேன். அந்த ஆட்டத்தை உன் கிளப்பே இணையத்தில் போட்டிருக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. மூன்றரை மணி நேர ஆட்டத்தை இரண்டு பேரும் முழுதாக உட்கார்ந்து பார்த்தோம். அவளுக்குக் கல்லூரித் தேர்வு இருக்கிறது, நீ போம்மா என்றேன், சும்மா இருங்க அத்தை என்றுவிட்டாள். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் வருகிறது மக்கா. நீ வேலிக்குப் போகிறாய். வேலியில் கட்டியிருக்கிற பச்சை மெத்தை ஒரு பக்கம் பிய்ந்து தொங்குகிறது, அதை நீ தூக்கிப் பிடிக்கிறாய், உள்ளே இரும்புத் தூண் அப்படியே தெரிகிறது. நீ கையை ஆட்டிக் கூப்பிடுகிறாய், கறுப்புச் சட்டை போட்ட நடுவர் வருகிறார், கிளப் தொப்பி போட்ட இன்னொருவர் வருகிறார், நீ தூணைத் தட்டித் தட்டிக் காட்டுகிறாய். தொப்பிக்காரர் தலையை ஆட்டிவிட்டு ஒரு கயிற்றை எடுத்து மெத்தையைக் கட்டிவிட்டுப் போகிறார். பிறகு நீ அடிபட்ட அன்றைய ஆட்டத்தையும் பார்த்தோம். அதைப் பார்க்கவே கூடாது என்று சத்தியம் பண்ணியிருந்தேன், பார்த்தேன். அந்த இடத்தில் கயிறும் இல்லை, மெத்தையும் இல்லை, வெறும் தூண். நீ பந்தைப் பிடித்துவிட்டுத்தான் மோதினாய். விழுந்த பிறகும் கிளவைத் தூக்கிக் காட்டினாய், பந்து அதற்குள் இருந்தது.

நான் சொன்னத யாரும் ஒத்துக்க மாட்டாங்கம்மா, சாட்சி இல்ல என்றாயே, இதோ சாட்சி. யாரும் குறை சொன்னதில்லை என்று அவர்கள் எழுதியது பொய் என்பதற்கு அவர்கள் கேமராவே சாட்சி. ஷிரின் பானு இரண்டு ஆட்டத்தையும் இறக்கி மூன்று இடத்தில் சேமித்துவிட்டாள், உனக்கும் அனுப்பியிருக்கிறாள். இனி அவர்கள் அழித்தாலும் அழியாது.

இதை நான் சங்கரசுப்பு மாமாவிடம் காட்டினேன். உன்னைப் போனில் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடு என்று சொன்னதே அவர்தான் என்பது எனக்குத் தெரியும், நீ மறைக்க வேண்டாம். வீடியோவை முழுதாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லாம் சரிதான், அந்நிய ஊர், கிளப்போடு மல்லுக்கு நிற்க முடியுமா, போட்டுவிட்டு அந்த வேலையில் இரண்டு வருடம் இருக்கட்டும், பிறகு தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டராகச் சேர்த்துவிடுகிறேன், பெண்ணும் பார்த்து வைத்திருக்கிறேன் என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சண்டை என்றால் அவருக்குப் பயம், அந்தப் பயத்துக்குப் புத்திமதி என்று பேர் வைத்திருக்கிறார். அண்ணே, இந்தப் பேச்சு ஒன்றுக்கு மட்டும் இனி என் வீட்டுக்கு வராதீர்கள், மற்ற எதற்கும் வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் அவ்வளவு கோபம் என்று நீ கேட்கலாம். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில்தான் எழுத முடியும், போனில் என்னால் சொல்லியிருக்க முடியாது. இனிமேல் உள்ளதை உட்கார்ந்து படி.

அப்பாவின் வலது கையில் இரண்டு விரல் போனது நீ எட்டாம் வகுப்புப் படிக்கும்போது. ஜின்னிங் மில்லில் பருத்தி அரைக்கும் மெஷினில் கை மாட்டிக்கொண்டது என்பது உனக்குத் தெரியும். குடித்துவிட்டு வேலைக்குப் போய்க் கையை விட்டார் என்றும் உனக்குத் தெரியும், இல்லையா. ஊரே அப்படித்தான் தெரிந்து வைத்திருக்கிறது. அது பொய். அப்பா குடித்ததே இல்லை, கல்யாண வீட்டில்கூடக் குடித்ததில்லை. அந்த மெஷினில் பல்சக்கரத்துக்குப் போட்டிருந்த மூடியை ரிப்பேர் என்று கழற்றியவர்கள் இருபது நாளாகத் திரும்ப மாட்டவில்லை, அப்பா இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், நாளைக்கு நாளைக்கு என்றார்கள். விரல் போன மூன்றாம் நாள், திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், முதலாளி எழுதிக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு வந்தது சங்கரசுப்பு மாமா. குடித்துவிட்டு வந்து ஓடுகிற மெஷினில் நானே கையை விட்டேன், மில் மேல் தப்பில்லை என்று எழுதியிருந்தது. ஒத்துக்கொண்டால் ஆயுசுக்கும் வாட்ச்மேன் வேலை, இல்லாவிட்டால் கோர்ட்டு, வழக்கு, பத்து வருடம், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்றார் மாமா. அப்பாவுக்கு நன்றாகக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கையில் கட்டு இருந்ததால் இடது பெருவிரல் ரேகை போதும் என்றார்கள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த விரலைப் பிடித்து மையில் அமுக்கித் தாளில் வைத்தவள் நான்தான் மக்கா. இதை இன்றுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. வேறு வழி இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். இருந்திருக்கும், நான் தேடிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் நீ பார்த்திருக்கிறாய், ஏன் நடந்தது என்று மட்டும் தெரியாமல் பார்த்தாய். மெஷின் ஓட்டியவர் பதினெட்டு வருடம் அதே மில் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற போகிற லாரிக்குக் கதவு திறந்தார். யோகலட்சுமிக்குப் பனவடலிசத்திரத்திலிருந்து வந்த முதல் சம்பந்தம், பெண்ணுடைய அப்பா குடிகாரராமே என்று பின்வாங்கியது. அப்பா அப்போதும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் வேலை போகும். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு நாள் சென்னைப் போட்டிக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொன்னதற்கு நீ கோபத்தில் அவரைப் பார்த்து, குடிச்சிட்டுக் கைய விட்டவருக்கு என்ன தெரியும் என்று கேட்டாய். நான் அடுக்களையில் நின்றேன். வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அப்பா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, தெரியாத பிள்ளையின் மேல் என்ன தப்பு. ஒரு பொய்த்தாள் வீட்டுக்குள் வந்துவிட்டால் அது என்னவெல்லாம் செய்யும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். பந்து பொறுக்கிப் போடும் வேலை கேவலம் என்றும் நான் சொல்லவில்லை. அந்த வேலையில் இருக்கிற ஒவ்வொரு நாளும், உன்னை அடித்த அதே வேலிக்குப் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் அந்த வேலை.

இனி ஒரு நல்ல சேதி, நல்லதா என்று நீயே சொல். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவிடமும் வீடியோவைக் காட்டினேன். நீ மெத்தையைத் தூக்கித் தூணைத் தட்டிக் காட்டும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார், ஆறு தடவை பார்த்தார். மறுநாள் காலையில் சவரம் பண்ணி, யோகலட்சுமி பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார், டியூட்டிக்குக் காக்கிச் சட்டை அல்லவா என்று கேட்டேன். நீயும் வா என்றார். மில்லுக்குப் போனோம். பழைய முதலாளி செத்து நாலு வருடம் ஆகிறது, மகன்தான் பார்க்கிறார். எடைமேடைப் பக்கம் லாரிக்காரர்களும் வேலையாட்களும் ஒரு இருபது பேர் இருந்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் ரேகை வைத்த தாள் ஒன்று உங்களிடம் இருக்கும், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று அப்பா கேட்டார். அந்தத் தம்பி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், அப்பா காலத்துக் காகிதமெல்லாம் எங்க இருக்கோ, போய் வேலையப் பாருங்க அண்ணாச்சி என்றார். அப்பா திரும்பி அந்த இருபது பேரையும் பார்த்தார். நான் இத்தனை வருடம் கூடக் குடித்தனம் பண்ணியும் அவர் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நான் அன்னைக்குக் குடிக்கல. மெஷினுக்கு மூடி இல்ல. ரெண்டு தடவ சொன்னேன், மாட்டல. நான் வச்ச ரேகை பொய்.”

அந்தத் தம்பி, சரி சரி, கேட்டில் லாரி நிற்கிறது என்றார். அப்போது பின்னாலிருந்து முகம்மது ஹுசைன் முன்னே வந்தார், உனக்கு அவரைத் தெரியும், நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தருவாரே, அவர். அப்பாவுக்கு அடுத்த மெஷினில் நின்றவர், இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார், மூன்று பெண்பிள்ளைகள், அந்த வேலையை விட்டால் அவருக்கும் வேறு வழி கிடையாது.

“அண்ணாச்சி சொல்லுதது நெசம். நான் பக்கத்துலதான் நின்னேன். பயந்துகிட்டு இத்தன வருசமா வாயத் தொறக்கல” என்று சொல்லிவிட்டு அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா கேட் சாவியை எடைமேடையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அறுபத்தொரு வயதில் வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர், வருகிற வழியில் கடையில் நிறுத்தி இரண்டு பேருக்கும் டீ சொன்னார், எனக்கு ஒரு வடையும். தாள் கிடைக்கவில்லை, கிடைக்கப்போவதும் இல்லை, விரலும் வரப்போவதில்லை. ஆனால் நேற்று யோகலட்சுமி பஸ் ஏறி வந்து, எப்பா ஏன் எங்கிட்டகூடச் சொல்லல என்று அவர் மடியில் தலைவைத்து அழுதபோது அவர் அழவில்லை, சிரித்தார். ஹுசைன் அண்ணன் வேலைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காக நாங்கள் நிற்போம் என்று அப்பா போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

எங்கள் பிழைப்பைப் பற்றி நீ கவலைப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே, அதற்காகவும் இதை எழுதுகிறேன். எனக்குச் சத்துணவில் இன்னும் சில வருடம் வேலை இருக்கிறது. அப்பா சும்மா இருக்கிறவர் இல்லை, நேற்றே ஹுசைன் அண்ணனின் மருமகன் பழக்கடையில் காலை நேரத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார். நானும் என் வேலையில் ஒரு நாளும் பொய்யில் கையெழுத்துப் போட்டதில்லை, அது உனக்குத் தெரியும். வண்டு விழுந்த பருப்பை இறக்கிவிட்டு நல்ல பருப்பு வந்தது என்று எழுதச் சொன்ன லாரிக்காரரை மூட்டையோடு திருப்பி அனுப்பியவள்தான் நான். ஆஸ்பத்திரியில் செய்த அந்த ஒன்றுக்குப் பிறகு வந்த பிடிவாதம் அது.

வெள்ளிக்கிழமை என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். தனியாகப் போகாதே. உன்னோடு லெஃப்ட் ஃபீல்டில் ஆடுகிற அந்த உயரமான பையன், நீ விழுந்தபோது முதலில் ஓடிவந்தவன், அவனைக் கூட்டிக்கொண்டு போ, அந்த மெத்தை தொங்கியதை அவனும் பார்த்திருப்பான், அவன் வராவிட்டால் வேறு யாரையாவது கூட்டிப்போ. கோபப்படாதே, சத்தம் போடாதே, வீடியோவைப் போட்டுக் காட்டு, ஒரு மணி நாற்பதாவது நிமிடம். இதில் இருப்பது உண்மை, உங்கள் தாளில் இருப்பது பொய், பொய்யில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு எழுந்து வா. வேலை செய்கிற இடத்தில் அடிபட்டவர்கள் முறையிட அந்த மாநிலத்திலேயே அரசாங்க ஆபீஸ் இருக்கிறதாம், ஷிரின் பானு தேடி விலாசமும் நேரமும் எழுதித் தந்திருக்கிறாள், கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போ. அவர்கள் என்ன சொல்வார்கள், எத்தனை நாள் ஆகும், எனக்குத் தெரியாது. நீ ஜெயித்துவிடுவாய் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஷிரின் பானு ஓடிவந்தாள், நீ வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னும் போடலம்மா என்று மட்டும் அனுப்பியிருக்கிறாய். இன்னும் என்ற அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை, அதை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பு. அப்பாவிடம் போனில் பேசு. மன்னிப்பு, கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். அந்தப் பந்தை எப்படிப் பிடித்தாய் என்று சொல்லு, அதைக் கேட்க ஆசைப்படுகிறார்.

தோளை டாக்டர் சொல்லும்வரை அசைக்காதே, இடது கையால் எறிந்து பார்க்கிறேன் என்று கிறுக்குத்தனம் செய்யாதே. கோயில் புற்றுமண் கொஞ்சம் பொட்டலம் கட்டித் தபாலில் வைப்பேன், அங்கே பிரித்துப் பார்த்துத் தூக்கிப் போட்டாலும் போடட்டும், நீ நெற்றியில் வைத்ததாக நான் நினைத்துக்கொள்கிறேன். கோமதியம்மன் உன்னைக் காப்பாற்றுவாள். நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும், உன் பேர் கெடாமல் இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேண்டுதல் இல்லை.

நீ போட்டுவிட்டால் கதவைச் சாத்திவிடுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன். போட்டுவிட்டு வந்தாலும் நீ என் பிள்ளைதான், வந்து இறங்கினால் சோறு இருக்கும். ஆனால் அப்படி வருகிறவன் இந்த வீட்டில் எப்படி உட்காருவான், எங்கே பார்ப்பான், யார் கேட்டாலும் எப்படிச் சிரித்து மழுப்புவான் என்று எனக்குத் தெரியும், பதினெட்டு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. வேலை இல்லாமல் வா, தோள் ஆறாமல் வா, பெட்டிகூட இல்லாமல் வா, பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
கு. ராஜகுமாரி